குழந்தை தூங்கும் நேரத்தில் அக்கா தன் வேலையைப் பார்க்கலாமா?

கேள்வி:

எங்கள் மகனுக்கு ஒன்றரை வயது. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். அவனைப் பார்த்துக்கொள்ள ஒரு அக்கா வாரத்தில் ஆறு நாள், காலை 8 மணிக்கு வந்து மாலை 6.30 வரை இருக்கிறார். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. பையன் அவரிடம் நன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டான். நான் போன் செய்தால் இரண்டாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிடுவார், அவ்வளவு பொறுப்பு. ஆனால் கொஞ்ச நாளாக வேலை நேரத்தில் சொந்த வேலை பார்க்கிறார். மதியம் பையன் தூங்கியதும் தன் மகளின் கல்லூரி விண்ணப்பத்தைப் போனில் நிரப்புகிறார், கிழிந்த துணி தைக்கிறார், சோபாவில் சாய்ந்துகொண்டு ஏதோ வீடியோ பார்க்கிறார். ஹாலில் ஒரு கேமரா வைத்திருக்கிறோம், அவருக்குத் தெரியாது, அதில்தான் பார்த்தேன். அந்த இரண்டு மணி நேரத்துக்கும் சேர்த்துத்தானே சம்பளம் கொடுக்கிறோம்? நான் ஆபீஸில் இப்படி உட்கார்ந்திருந்தால் விடுவார்களா? அந்த நேரத்தில் அலமாரியையாவது அடுக்கலாமே என்று வயிறு எரிகிறது. ஒருநாள் பையனை நாற்காலியில் உட்காரவைத்து டிவியைப் போட்டுவிட்டு இருபது நிமிடம் போனில் பேசினார். போன வாரம் அவனைத் தூக்கிக்கொண்டு வங்கிக்குப் போய் வந்திருக்கிறார், பக்கத்து வீட்டில் சொல்லித்தான் தெரியும். அதற்கு முன்பு அரை நாள் லீவு கேட்டிருந்தார், அன்று எனக்கு முக்கியமான மீட்டிங், முடியாது என்றேன். கணவர் 'விடு, பெரிதுபடுத்தாதே' என்கிறார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. எப்படிக் கண்டிப்பது? வேறு ஆள் பார்க்கலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது, கோபம் எங்கே அதிகமாக இருக்கிறது என்பதுதான். தையலுக்கும் விண்ணப்பத்துக்கும் வீடியோவுக்கும் அத்தனை வரிகள். வங்கிக்கு ஒரே வரி. நான் இதை அப்படியே தலைகீழாகப் பார்க்கிறேன். தூக்க நேரத்தில் அவர் செய்தது தப்பே இல்லை, டிவி போட்டுவிட்டுப் பேசியது திருத்த வேண்டியது, உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் குழந்தையை வெளியே கொண்டுபோனது ஒன்றுதான் உட்கார்ந்து தீவிரமாகப் பேச வேண்டிய விஷயம். குழந்தை பார்ப்பவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடுகளில் சேர்த்துவிடுவதும், அப்புறம் இரண்டு தரப்புப் புகாரையும் கேட்பதும் என் வேலை என்பதால் சொல்கிறேன், இந்த மூன்றையும் ஒரே பையில் போட்டுக் குலுக்குகிற வீடுகளில்தான் நல்ல ஆள் சீக்கிரம் போய்விடுகிறார்.

முதலில் அந்த மதியத் தூக்கம். ஒன்றரை வயதுக்கு மேல் பெரும்பாலான குழந்தைகள் பகலில் ஒரே தூக்கத்துக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் அக்காவின் வேலை என்ன? அங்கே இருப்பது. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், எழுந்தால் ஓடிப்போகும் தூரத்தில், நடுவே எழுந்துபோய்ப் போர்வை முகத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரும் நிலையில் இருப்பது. அதற்குத்தான் நீங்கள் சம்பளம் கொடுக்கிறீர்கள். அவர் அந்த வீட்டை விட்டுக் கிளம்ப முடியாது, தூங்கிவிட முடியாது, காதில் ஹெட்போன் மாட்ட முடியாது, பக்கத்துத் தெருவுக்குப் போய்த் தன் வேலையை முடித்துவிட்டு வர முடியாது. இத்தனை 'முடியாது' இருக்கிற நேரம் எப்படி ஓய்வு நேரம் ஆகும்? வீட்டுப் பணியாளர்களுக்காக 2011-இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு கொண்டுவந்த 189-ஆம் ஒப்பந்தமும் இதைத்தான் சொல்கிறது. தன் நேரத்தைத் தன் விருப்பப்படி கழிக்க முடியாமல், அழைப்பு வந்தால் எழுந்துவர வேண்டிய நிலையில் வீட்டாருக்காகக் காத்திருக்கும் நேரத்தை, அந்தந்த நாட்டுச் சட்டம் வகுக்கும் அளவுக்கு வேலை நேரமாகவே கொள்ள வேண்டும் என்கிறது. எல்லா நாடும் அதை ஏற்கவில்லை. ஆனால் நியாயம் எது என்பதற்கு அது ஒரு நல்ல அளவு.

அதனால் அந்த இரண்டு மணி நேரம் அவருடைய காதும் காலும் உங்களுடையவை, கை அவருடையது. தைக்கட்டும், விண்ணப்பம் நிரப்பட்டும், வீடியோவும் பார்க்கட்டும், சத்தம் குறைவாக இருந்தால் போதும். குழந்தையின் துணியை மடிப்பது, பால் புட்டியைக் கழுவிக் கொதிக்கவைப்பது, சிதறிய பொம்மைகளை எடுத்துவைப்பது போன்ற குழந்தையைச் சேர்ந்த வேலைகள் அந்த நேரத்தில் ஆக வேண்டும் என்றால் அதைச் சேரும்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லையா, இப்போது சொல்லலாம், அதற்கு அரை மணிக்கு மேல் ஆகாது. உங்கள் அலமாரி இதில் வராது. குழந்தை பார்க்க வந்தவர் கொஞ்சம் உட்கார்ந்தால் வீட்டு வேலை ஒன்றைக் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று பலருக்குத் தோன்றுகிறது, நீங்கள் மட்டும் இல்லை. நாமே பகல் முழுக்க உட்காராமல் ஓடுகிறவர்கள், அதனால் வேறொருவர் நம் சோபாவில் சாய்ந்திருப்பதைக் கேமராவில் பார்த்தால் எரிகிறது. சரி, எரியட்டும், மனித இயல்புதான். ஆனால் காலை 8 முதல் 6.30 வரை பத்தரை மணி நேரம் ஆகிறது, அதில் அவர் எப்போது சாப்பிடுகிறார் என்று உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை. அந்தத் தூக்க நேரத்தில்தான் சாப்பிடுகிறார் என்று நினைக்கிறேன்.

'நான் ஆபீஸில் இப்படி இருந்தால் விடுவார்களா' என்று கேட்டீர்கள். உங்கள் கடிதம் எனக்கு வந்தது ஒரு வேலைநாளில், முற்பகல் பதினொன்றே முக்காலுக்கு. கேமராவைப் பார்த்ததும் ஆபீஸிலிருந்துதான் இருக்கும். குத்திக்காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. எல்லோருடைய சொந்த வாழ்க்கையும் வேலை நேரத்துக்குள் கொஞ்சம் கசியத்தான் செய்கிறது. உங்களுக்கு அதற்கு ஒரு மேசையும் கதவும் இருக்கிறது, அவருக்கு உங்கள் ஹால்தான் இருக்கிறது, அதிலும் கேமரா.

அடுத்து அந்த இருபது நிமிடப் பேச்சு. இங்கே நான் உங்கள் பக்கம். குழந்தை விழித்திருக்கும்போது நீளமாகப் போன் பேசுவது கூடாது, ஒழுக்கம் கெட்டுவிடும் என்பதற்காக இல்லை, கண் வேறு பக்கம் போய்விடும் என்பதற்காக. ஒன்றரை வயது என்பது ஏறத் தெரிந்து இறங்கத் தெரியாத வயது. தொண்டையில் ஏதாவது முழுதாக அடைத்துக்கொண்டால் குழந்தை கத்தாது, இருமக்கூட முடியாது, சத்தமே வராது. தண்ணீரும் அப்படித்தான். வாளியில் சில அங்குலத் தண்ணீர் போதும், படபடவென்று அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவோம். பேசிக்கொண்டே காதால் கவனித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள், பெரிய ஆபத்துகள் பலவும் சத்தம் போடாமல்தான் வருகின்றன.

மனசு பக்கமும் ஒன்று உண்டு. எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் செய்த சோதனை இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். தாய் குழந்தையோடு சிரித்து விளையாடிக்கொண்டிருப்பார், திடீரென்று முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் சும்மா பார்ப்பார். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், குரல் கொடுக்கும், ஒன்றும் நடக்கவில்லை என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழும். பிற்காலத்தில் இதையே தாய் கைபேசியில் மூழ்கியிருப்பதாக வைத்தும் செய்து பார்த்தார்கள், குழந்தைகள் அப்போதும் கலங்கின. இதைப் படித்துவிட்டுப் பயந்துவிடாதீர்கள். பெரியவர் திரும்பி வந்து பழையபடி பேச ஆரம்பித்தால் பெரும்பாலும் குழந்தை மெல்லத் தேறிவிடும். ஐந்து நிமிட அழைப்பால் எந்தப் பிள்ளையும் கெட்டுப்போகாது. தினமும் மணிக்கணக்கில் என்றால்தான் பிரச்சினை. டிவிக்கு மட்டும் ஒரு வார்த்தை: உலக சுகாதார அமைப்பு 2019-இல் வெளியிட்ட வழிகாட்டியில் இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளைத் திரை முன் உட்காரவைக்க வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அக்காவுக்கு இதைச் சொன்னீர்களா, இல்லை ஞாயிற்றுக்கிழமை நீங்களும் அதே டிவியைத்தான் போடுகிறீர்களா? இரண்டாவது என்றால் அவரைக் கேட்பது கஷ்டம்.

போன் விஷயத்தில் நீங்கள் புகழ்ச்சியாக எழுதிய ஒன்றுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. 'இரண்டாவது மணிக்குள் எடுத்துவிடுவார்.' குழந்தையைக் குளிப்பாட்டும்போதும் எடுக்கிறாரா? சோப்புக் கையோடு எட்டிப்போய் எடுக்கிறாரா? எடுக்காவிட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று அவருக்குத் தெரியும், அதனால் எடுப்பார். குளியல், சாப்பாடு ஊட்டுதல், மாடிப்படி, தெருவைக் கடத்தல், இந்த நான்கிலும் போன் யாருடையதாக இருந்தாலும் எடுக்கக் கூடாது என்பதை முதலில் உங்கள் அழைப்பிலிருந்து ஆரம்பியுங்கள். 'நான் கூப்பிட்டாலும் எடுக்காதீங்க, முடிச்சிட்டுக் கூப்பிடுங்க' என்று நீங்களே சொன்னால், மற்ற அழைப்புகளுக்கும் அதே விதி என்பது அவருக்குத் தன்னால் புரியும்.

அவசர அழைப்பு என்று ஒன்று இருக்கிறது, அதைத் தடுக்காதீர்கள். அவருடைய மகளுக்கு உடம்பு சரியில்லை என்று கல்லூரியிலிருந்தோ, வீட்டில் யாரோ விழுந்துவிட்டார்கள் என்றோ வந்தால் அவர் எடுத்தாக வேண்டும். போனை வாங்கிப் பூட்டி வைக்கும் வீடுகள் இருக்கின்றன, எனக்குத் தெரிந்து அங்கே ஆள் நிலைப்பதில்லை, குழந்தைக்கு ஏதாவது ஆனால் உங்களைக் கூப்பிடவும் அவருக்கு வழி இருக்காது. எடுத்து, விஷயத்தைக் கேட்டு, 'தூங்கினதும் கூப்பிடறேன்' என்று வைப்பது, அவ்வளவுதான் கேட்க வேண்டியது. கொஞ்ச நாளாகத்தான் இப்படி என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு வருடம் ஒழுங்காக இருந்தவர் திடீரென்று நீண்ட நேரம் பேசுகிறார், வங்கிக்கு ஓடுகிறார் என்றால், மகளின் கல்லூரிக் கட்டணமோ கடனோ ஏதோ ஒன்று கழுத்தைப் பிடிக்கிறது என்றுதான் நான் நினைப்பேன். கேமராவில் அது தெரியாது, கேட்டால்தான் தெரியும்.

இப்போது வங்கி. இங்கே வங்கிக்குப் போனது எனக்குப் பெரிய விஷயம் இல்லை. உங்கள் பிள்ளை எங்கே இருக்கிறான் என்று ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ உங்களுக்கோ கணவருக்கோ தெரியாமல் இருந்தது, அதுதான். எந்த வண்டியில் போனார்கள், அவனை எப்படி உட்காரவைத்தார், வரிசையில் நின்று கையெழுத்துப் போடும்போது அவனை யார் பிடித்திருந்தார்கள்? ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் நீங்கள் ஆபீஸில் அவன் வீட்டில் தூங்குகிறான் என்று நினைத்துக்கொண்டு இருந்திருப்பீர்கள். இதற்கு விதி ஒன்றே ஒன்று போதும்: குழந்தை வாசல் தாண்டினால் உங்களுக்குச் சேதி வர வேண்டும், போகும் முன்பே. பூங்காவுக்குப் போனாலும் சரி. சொந்த வேலைக்காக அவனைக் கூட்டிக்கொண்டு போவது என்றால் சேதி மட்டும் போதாது, நீங்கள் சரி என்று சொன்ன பிறகுதான். மருத்துவமனை, நோயாளி இருக்கும் வீடு, கூட்டமான இடம் என்றால் கேட்கவே வேண்டாம், கிடையாது.

ஆனால் அவர் ஏன் சொல்லவில்லை? பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அரை நாள் கேட்டார், முடியாது என்றீர்கள். உங்களுக்கு மீட்டிங், அன்றைக்கு அது நியாயமாகவே இருக்கலாம், ஆனால் அன்றைக்குப் பதில் வேறொரு நாள் கொடுத்தீர்களா? கொடுத்ததாக எழுதவில்லை. வாரத்தில் ஆறு நாள், வங்கியும் கல்லூரி அலுவலகமும் திறந்திருக்கும் நேரம் முழுக்க அவர் உங்கள் வீட்டில் இருக்கிறார். மிச்சமுள்ள ஒரு நாளில் அவை எல்லாம் மூடியிருக்கும். இந்தக் கணக்கில் அவருக்கு மூன்று வழிதான்: வேலையை விடுவது, பொய் சொல்லி லீவு எடுப்பது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவது. மூன்றாவதைச் செய்தார். சரி என்று சொல்லவில்லை, ஆனால் அவர் ஏதோ திமிரில் செய்ததாகவும் எனக்குத் தெரியவில்லை. நான் சொன்ன அந்த ஒப்பந்தம் வாரத்துக்குத் தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு என்கிறது. அது கிடைக்கிறது, ஆனால் அலுவலகம் திறந்திருக்கும் ஒரு நேரமும் மனிதருக்கு வேண்டுமே. மாதத்துக்கு ஒரு அரை நாள், சம்பளம் பிடிக்காமல், முன்கூட்டியே தேதி பேசிவைத்துக் கொடுங்கள். ஆளை வேலைக்குச் சேர்த்து ஒப்பந்தம் போடும்போதே இதை எழுதிக்கொள்ளும்படி நான் எல்லா வீட்டாரிடமும் சொல்கிறேன். பாதிப் பேர் தயங்குவார்கள். கொடுத்தவர்கள் வீட்டில் 'பாட்டிக்கு உடம்பு சரியில்லை' என்ற திடீர் லீவு குறைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். சொந்த வேலை என்பது வேறு, இன்னொரு சம்பாத்தியம் என்பது வேறு. தூக்க நேரத்தில் தன் துணியைத் தைக்கிறாரா, ஊருக்கெல்லாம் தைத்துக் காசு வாங்குகிறாரா? இரண்டாவது என்றால் அப்போது பேச வேண்டும், ஏனென்றால் வாடிக்கையாளர் குழந்தை தூங்கும்வரை காத்திருக்க மாட்டார், அவன் விழித்திருக்கும்போதும் போன் வரும், ஆள் வரும். உங்கள் விஷயத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை.

கேமரா. இதைச் சொன்னால் உங்களுக்குப் பிடிக்காது. பேச்சை அதிலிருந்து ஆரம்பித்தீர்கள் என்றால் முடிந்தது கதை, 'ஒரு வருஷமா என்னை ஒளிஞ்சு பாத்துட்டு இருந்தீங்களா' என்பது மட்டும்தான் அவர் காதில் நிற்கும், வங்கி, போன் எதுவும் நிற்காது. கேமரா வைப்பது உங்கள் உரிமை, உங்கள் வீடு, உங்கள் குழந்தை. அது இருக்கிறது என்று சொல்லிவிட்டு வையுங்கள். பல நாடுகளில் சொல்லாமல் பதிவு செய்வதற்கு, முக்கியமாகக் குரலைப் பதிவு செய்வதற்கு, சட்டத் தடையும் உண்டு. அவர் உடை மாற்றும் அறையிலும் குளியலறையிலும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. அதனால் முதலில் கேமராவைப் பற்றி நீங்களே சொல்லிவிடுங்கள், 'முன்னாடியே சொல்லியிருக்கணும்' என்று சேர்த்துச் சொன்னால் ஒன்றும் குறைந்துவிடாது. அதைச் சொன்ன அன்றே மற்றதைப் பேசாதீர்கள். நான்கைந்து நாள் போகட்டும்.

அப்புறம் பேசும் நாள். மாலை 6.30-க்கு அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடும் நேரத்தில் வேண்டாம், வாட்ஸாப்பில் நீளமாக எழுதியும் அனுப்ப வேண்டாம். ஒருநாள் நீங்கள் அரை மணி முன்னதாக வந்து, பையனைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, உட்காரச் சொல்லிப் பேசுங்கள். கண்டிப்பது என்ற சொல்லை உங்கள் கடிதத்தோடு விட்டுவிடுங்கள். இப்படி ஆரம்பிக்கலாம்:

'அக்கா, போன வாரம் பேங்குக்குப் போனீங்கன்னு கேள்விப்பட்டேன். நீங்க லீவு கேட்டப்போ நான் குடுக்கல, அது எனக்கு ஞாபகம் இருக்கு. ஆனா பையன் வெளிய போனது எனக்குத் தெரியாம இருந்ததுதான் பயமா இருக்கு. என்ன ஆச்சு, சொல்லுங்க.'

சொல்லிவிட்டு நிறுத்துங்கள். நடுவில் புகுந்து பேசாதீர்கள். அவர் சொல்வதைக் கேட்ட பிறகு அரை நாள் விஷயத்தையும், வாசல் விதியையும், விழித்திருக்கும்போது போன் பற்றியும் சொல்லுங்கள். மூன்றே விஷயம். தூக்க நேரத்தைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம், அல்லது 'அவன் தூங்கும்போது உங்க வேலையைப் பாத்துக்கோங்க' என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், அது அவருக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்று பார்ப்பீர்கள். இதுவரை ஒளித்து ஒளித்துத்தான் செய்திருப்பார்.

வேறு ஆள் பார்க்கலாமா என்றால், இப்போது வேண்டாம். ஒரு வருடமாக ஒட்டிக்கொண்ட முகத்தை மாற்றுவது அந்த வயதில் குழந்தைக்குச் சின்ன விஷயம் இல்லை. இவ்வளவு பேசி, அரை நாளும் கொடுத்த பிறகு மறுபடியும் சொல்லாமல் அவனைத் தூக்கிக்கொண்டு போனார் என்றால், அப்போது முன்னறிவிப்பும் கொடுக்க வேண்டிய பணமும் கொடுத்து அனுப்பிவிடுங்கள், சண்டை வேண்டாம். சில காரியங்களுக்கு இரண்டாவது வாய்ப்பே கிடையாது: குழந்தையை வேறு யாரிடமோ விட்டுவிட்டு வெளியே போவது, தன் வேலை முடியும்வரை அறையில் அடைத்தோ நாற்காலியில் கட்டியோ வைப்பது, தெரியாத ஆளை வீட்டுக்குள் அழைப்பது, நேராகக் கேட்டால் பொய் சொல்வது. உங்கள் அக்கா இதில் எதையும் செய்யவில்லை.

குழந்தை பார்க்கும் அக்காமார் பலர் இந்தப் பகுதியைப் படிப்பதாகச் சொல்கிறார்கள், அவர்களுக்கும் ஒன்று. கேட்டால் திட்டுவார்கள் என்று நினைத்துச் சொல்லாமல் செய்யாதீர்கள். பிறகு தெரியவரும்போது வேலையோடு உங்கள் பேரும் போகும். தேதியை ஒரு வாரம் முன்பே சொல்லி, என்ன வேலை என்பதையும் சொன்னால் மறுப்பது அவர்களுக்குக் கஷ்டம். மறுத்தால் 'அப்ப எந்த நாள் போகட்டும்?' என்று உடனே கேளுங்கள்.

கடைசியாக உங்கள் கணவர். பெரிதுபடுத்தாதே என்று சொல்வது சுலபம், அக்கா இல்லாத அரை நாள் யார் தலையில் விழும் என்று அவருக்குத் தெரியும். முதல் அரை நாளுக்கு அவர் லீவு போடட்டும். அக்காவிடம் பேசும் முன்பே அவரிடம் தேதியை வாங்கிவிடுங்கள், கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு அன்று காலையில் மறுபடியும் 'மீட்டிங்' என்றீர்கள் என்றால் அக்கா அடுத்த முறை உங்களிடம் கேட்கவே மாட்டார்.